குடும்பக் காரும் இன்ஷூரன்ஸும்: காப்புக்கு உரியவர் யார்?

கூட்டுறவு இயக்கத்தில் பழகிய நமது அங்கத்தினர்களுக்கு இன்ஷூரன்ஸின் தத்துவத்தை விரித்துரைக்க வேண்டிய அவசியமில்லை. பலர் சிறு தொகையைச் செலுத்துகின்றனர். அவர்களுள் எவருக்கேனும் பெருநஷ்டம் நேரிடின் அப்பொதுத் தொகையிலிருந்து அவர் கைதூக்கி விடப்படுகிறார். சங்கத்தின் சேமநிதியும் இதே எண்ணத்தில் பிறந்ததே. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. சங்கத்தில் அங்கத்தினர் யார் என்பதைப் பதிவேட்டைப் புரட்டினால் ஒரு நொடியில் அறியலாம். கார் இன்ஷூரன்ஸ் பாலிசியில் காப்புக்கு உரியவர் யார் என்பதை அறிவது அத்துணை எளிதன்று.

நெசவாளர் வீட்டு வாசலிலும் விவசாயி வீட்டுக் களத்திலும் இன்று கார் நிற்பது புதுமையல்ல. அதனைக் குடும்பக் கார் என்றே அழைக்கிறோம். கார் தந்தையார் பெயரில் இருக்கும். ஓட்டுபவர் மகனாக இருப்பார். சில வீடுகளில் மனைவியின் பெயரில் பதிவு செய்து, கணவர் ஓட்டுவார். மருமகன் ஊருக்கு வந்தால் சாவியை அவரிடம் கொடுப்பது மரியாதை. பங்காளி வீட்டுத் திருமணத்திற்கு இரவல் கொடுப்பதும் வழக்கம். ‘காருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது’ என்ற ஒரே நம்பிக்கையில் இவையனைத்தும் நடைபெறுகின்றன. ஆனால் இன்ஷூரன்ஸ் காருக்கு இருப்பது வேறு, காரில் இருப்பவர்க்கு இருப்பது வேறு. இவ்வேறுபாடு தெரியாமையால், வீட்டின் உழைப்பாளியை இழந்த பிறகு பாலிசியை எடுத்துக்கொண்டு அலைந்து வெறுங்கையுடன் திரும்பும் குடும்பங்கள் உண்டு. ஆகவே இதனைப் பகுதி பகுதியாக ஆராய்வோம்.

சட்டம் கேட்பது என்ன?

1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் இன்ஷூரன்ஸ் அத்தியாயம் 1946 ஜூலை முதல் தேதியன்று அமலுக்கு வந்தது. அன்று முதல் நமது நாட்டில் மோட்டார் வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயமாயிற்று. இப்போது நடைமுறையில் உள்ளது 1988-ஆம் ஆண்டுச் சட்டம். இதற்கு 2019-இல் விரிவான திருத்தம் செய்யப்பட்டது. இன்ஷூரன்ஸ் இன்றி வண்டியை ஓட்டினால் முதல் முறை ரூ. 2,000-மும், மறுமுறை ரூ. 4,000-மும் அபராதம், 3 மாதம் வரை சிறைத் தண்டனையும் விதிக்கலாம்.

இச்சட்டம் யாரைக் காக்க எழுந்தது என்பதை முதலில் உணர வேண்டும். காரின் சொந்தக்காரரைக் காப்பது இதன் முதல் நோக்கமன்று. சாலையில் செல்லும் மூன்றாம் மனிதரைக் காப்பதே நோக்கம். ஒப்பந்தத்தில் முதல் தரப்பு பாலிசிதாரர். இரண்டாம் தரப்பு கம்பெனி. இவ்விருவரும் அல்லாத பிறர் மூன்றாம் தரப்பினர். நடந்து செல்பவர், சைக்கிளில் செல்பவர், எதிரே வரும் வண்டியில் இருப்பவர் ஆகியோர் இவ்வகையினர். அவர்களுக்கு நேரும் மரணத்திற்கும் காயத்திற்கும் பாலிசிதாரர் கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டைக் கம்பெனி ஏற்றுக்கொள்கிறது.

இப்பொறுப்பை மட்டும் ஏற்கும் பாலிசியைப் பேச்சு வழக்கில் ‘தேர்டு பார்ட்டி’ என்கிறோம். இதனுடன் காருக்கு நேரும் சேதம், களவு, தீ முதலியவற்றையும் சேர்த்து ஏற்பதை ‘ஃபுல் இன்ஷூரன்ஸ்’ என்கிறோம். கம்பெனிகள் இதனைப் பேக்கேஜ் பாலிசி என்கின்றன. தம்மிடம் இருப்பது இவ்விரண்டில் எது என்பதை ஒவ்வொருவரும் முதலில் அறிதல் வேண்டும். பின்னால் கூறப்போகும் பல செய்திகள் இதனையே பொறுத்தவை.

பாலிசிதாரர் ஒருவரே

பாலிசியின் முதற் பக்கத்தில் பாலிசிதாரர் பெயர் என்ற இடத்தில் எழுதப்பட்டிருப்பவரே பாலிசிதாரர். அவர் ஆர்.சி. புத்தகத்தில் பதிவான சொந்தக்காரராகவும் இருத்தல் வேண்டும். மனைவி, மக்கள், தம்பி ஆகியோர் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தாலும், ஒரே உலையில் உண்டாலும், அதனால் மட்டும் பாலிசிதாரர் ஆகிவிடுவதில்லை. கூட்டுக் குடும்பத்தின் பணத்தில் வாங்கிய கார் என்று கூறினும் பயனில்லை.

அமெரிக்காவில் முறை வேறு. அங்கு வழங்கும் தனியார் கார் பாலிசிகளில், பெயர் குறிக்கப்பட்டவரோடு அதே வீட்டில் வசிக்கும் கணவன் அல்லது மனைவியும், இரத்த உறவாலோ, திருமணத்தாலோ, தத்தாலோ உறவினராகி அவ்வீட்டில் வசிப்போரும் காப்புக்கு உரியவராகப் பொதுவாகக் கருதப்படுகின்றனர். அயல்நாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் அங்கத்தினர்கள் அவர்கள் கூறுவதைக் கேட்டு நம் நாட்டிலும் அவ்வாறே என்று எண்ணிவிடலாகாது. இங்கே ‘குடும்பம்’ என்ற சொல் கார் பாலிசியில் எவரையும் காப்புக்கு உரியவர் ஆக்குவதில்லை.

ஓட்டுபவர்க்கு என்ன உரிமை?

அப்படியாயின் மகன் ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் கம்பெனி கைவிட்டுவிடுமா? இல்லை. பாலிசியில் டிரைவர் பற்றிய வாசகம் ஒன்று உண்டு. பாலிசிதாரர் உட்பட எவரும் ஓட்டலாம். ஆனால் விபத்து நேரத்தில் அவரிடம் செல்லத்தக்க லைசென்ஸ் இருக்க வேண்டும். லைசென்ஸ் பெறுவதற்குத் தடை விதிக்கப்பட்டவராக இருத்தலாகாது என்பதே அதன் பொருள். பழகுநர் லைசென்ஸ் உடையவரும் ஓட்டலாம். ஆயின் லைசென்ஸ் பெற்ற ஒருவர் அருகில் அமர்ந்து கற்பித்தல், ‘எல்’ எழுத்துப் பலகையை மாட்டுதல் ஆகிய விதிகளைப் பின்பற்றியிருக்க வேண்டும்.

பாலிசிதாரரின் உத்தரவாலோ அனுமதியாலோ ஓட்டுகிற எவரையும், மூன்றாம் தரப்பினர் கோரும் நஷ்டஈட்டைப் பொறுத்தமட்டில், பாலிசிதாரரைப் போலவே பாலிசி காக்கிறது. ஆகவே மகனோ மருமகனோ தக்க லைசென்ஸுடன் ஓட்டி, வழியில் ஒருவர்மீது மோதிவிட்டால், நஷ்டஈட்டைக் கம்பெனியே கொடுக்கும். ஃபுல் இன்ஷூரன்ஸ் ஆயின் காரின் சேதத்திற்கும் பணம் கிடைக்கும்.

லைசென்ஸ் இல்லையேல் நிலைமை மாறிவிடும். 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனை விரிவாக ஆராய்ந்தது. ஓட்டியவரிடம் தக்க லைசென்ஸ் இல்லை என்று மட்டும் காட்டிக் கம்பெனி தப்ப முடியாது. பாலிசிதாரர் அறிந்தோ கவனக்குறைவாலோ நிபந்தனையை மீறினார் என்பதையும் நிரூபிக்க வேண்டும் என்று கூறியது. அவ்வாறு நிரூபித்தாலும், பாதிக்கப்பட்ட மூன்றாம் மனிதருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னர்ப் பாலிசிதாரரிடமிருந்து வசூலித்துக்கொள்ளுமாறு கம்பெனிக்கு நீதிமன்றங்கள் உத்தரவிடுவது உண்டு. அதாவது, அடிபட்டவர் குடும்பம் காக்கப்படும். சாவியைக் கொடுத்தவர் குடும்பம் கடனில் மூழ்கும். தறியும் நிலமும் அக்கடனுக்கு ஈடாகிவிடக் கூடும்.

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் காரைக் கொடுப்பது இதனினும் கொடிது. 2019-இன் திருத்தப்படி, பெற்றோர் அல்லது சொந்தக்காரர்க்கு 3 ஆண்டு வரை சிறையும் ரூ. 25,000 அபராதமும் உண்டு. காரின் பதிவு 12 மாதத்திற்கு ரத்தாகும். அப்பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

ஓட்டியவரே மாண்டால்

அங்கத்தினர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி இதுவே.

மகன் தந்தையின் காரை ஓட்டிச் செல்கிறார். வேறு வண்டி எதுவும் சம்பந்தப்படவில்லை. புளியமரத்தில் மோதி உயிரிழக்கிறார். அவர் குடும்பத்தினர் தந்தையின் பாலிசியிலிருந்து மூன்றாம் தரப்பு நஷ்டஈடு கோர இயலுமா? இயலாது. சொந்தக்காரர் தம் பாலிசிக்குத் தாமே மூன்றாம் மனிதர் ஆக முடியாது. அவரிடம் இரவல் பெற்று ஓட்டுபவரும் அவர் நிலையிலேயே நிற்கிறார் என்பது சட்டம் கண்ட முடிவு. 2009-இல் நிங்கம்மா வழக்கில், இரவல் மோட்டார் சைக்கிளில் சென்று மாட்டுவண்டியில் மோதி இறந்த ஒருவரைப் பற்றி உச்ச நீதிமன்றம் இவ்வாறே கூறிற்று.

இக்குறையை நீக்கவே சொந்தக்காரர்–டிரைவருக்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பு உள்ளது. முன்னர்க் காருக்கு ரூ. 2 லட்சமாகவும் இரு சக்கர வண்டிக்கு ரூ. 1 லட்சமாகவும் இருந்த இத்தொகை, 2018-இல் ரூ. 15 லட்சமாக உயர்த்தப்பட்டது. மரணத்திற்கும், இரு கைகால்களையோ இரு கண் பார்வையையோ இழத்தலுக்கும், நிரந்தர முழு ஊனத்திற்கும் முழுத் தொகையும், ஒரு கை அல்லது கால் அல்லது ஒரு கண் பார்வையை இழத்தலுக்குப் பாதித் தொகையும் உண்டு. காரை ஓட்டும்போது மட்டுமன்றி, ஏறும்போதும் இறங்கும்போதும், சக ஓட்டியாக உடன் செல்லும்போதும் இது செல்லும். ஒருவரிடம் பல வண்டிகள் இருந்தாலும் இக்காப்பு ஒன்றே போதும். மது அருந்தி ஓட்டியவர்க்கு இது கிடையாது.

ஆனால் இதற்கு மூன்று நிபந்தனைகள் உள. காரின் பதிவு பெற்ற சொந்தக்காரராக இருத்தல் வேண்டும்; பாலிசியில் பெயர் உடையவராக இருத்தல் வேண்டும்; செல்லத்தக்க லைசென்ஸ் வைத்திருத்தல் வேண்டும். மூன்றும் ஒருவரிடமே பொருந்த வேண்டும். இப்போது நமது வீடுகளை எண்ணிப் பார்ப்போம். மனைவியின் பெயரில் கார். அவருக்கு லைசென்ஸ் இல்லை. கணவரே நாள்தோறும் ஓட்டுகிறார். மனைவிக்கு லைசென்ஸ் இல்லாமையால் இக்காப்பு இல்லை. கணவர் சொந்தக்காரர் அல்லாமையால் அவருக்கும் இல்லை. ரூ. 15 லட்சம் இருப்பதாக நம்பிய குடும்பத்தில் உண்மையில் எவருக்கும் அது இல்லை! தந்தை பெயரில் வாங்கி மகன் ஓட்டும் காரிலும் மகனின் நிலை இதுவே.

இதற்குப் பரிகாரம் உண்டு. கூடுதல் பிரீமியம் செலுத்திப் பெயர் குறிப்பிட்டோ குறிப்பிடாமலோ காரில் இருப்போர்க்குத் தனிநபர் விபத்துக் காப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். அது ஓட்டுபவரையும் உள்ளடக்குகிறதா என்று கேட்டு எழுத்தில் பெறுதல் வேண்டும். அல்லது ஓட்டுபவர் தம் பெயரிலேயே தனியே ஒரு விபத்துப் பாலிசி எடுத்துக்கொள்ளலாம். எந்த வண்டியில் சென்றாலும் அது உடன் வரும். எல்லாவற்றினும் எளிய வழி, ஓட்டுபவர் யாரோ அவர் பெயரிலேயே காரைப் பதிவு செய்வதாகும்.

விபத்துக்கு வேறொரு வண்டி காரணமாயின், அவ்வண்டியின் கம்பெனியிடம் நஷ்டஈடு கோரும் உரிமை எவருக்கும் போய்விடுவதில்லை. அவ்வண்டிக்குச் சொந்தக்காரரும் அவர் மகனும் மூன்றாம் மனிதரே. 2020-இல் முடிவான ராம்கிலாடி வழக்கில், இறந்தவர் குடும்பத்தினர் எதிர்வண்டியைச் சேர்க்காமல், இறந்தவர் ஓட்டிய இரவல் வண்டியின் கம்பெனியிடம் மட்டுமே கோரினர். ஒப்பந்தப்படியான ரூ. 1 லட்சமே அவர்களுக்குக் கிடைத்தது. மனுச் செய்யும்போதே தக்க வக்கீலைக் கலந்து, பொறுப்புடைய வண்டிகள் அனைத்தையும் சேர்த்தல் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

உடன் செல்வோர்

மனைவி மக்களும் விருந்தினரும் காரில் உடன் செல்கின்றனர். ஓட்டுபவரின் கவனக்குறைவால் அவர்களுக்குத் தீங்கு நேரிட்டால், தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் உள்ள காரில் கட்டணமின்றிச் செல்வோர்க்குக் கம்பெனி பொறுப்பேற்பதில்லை. சொந்தக்காரரே கொடுக்க நேரும். 2006-இல் திலக் சிங் வழக்கில் ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் சென்றவர் பற்றி இவ்வாறு முடிவாயிற்று. ஃபுல் இன்ஷூரன்ஸ் உள்ள காரில் செல்வோர்க்குக் கம்பெனியின் பொறுப்பு உண்டு. இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2009-இல் இதனைத் தெளிவுபடுத்திச் சுற்றறிக்கை அனுப்பியது. உச்ச நீதிமன்றமும் 2012-இல் பாலகிருஷ்ணன் வழக்கில் இவ்வேறுபாட்டை வலியுறுத்தியது.

கார் பழையதாகிவிட்டது, சேதத்திற்கு யார் இன்ஷூரன்ஸ் கட்டுவது என்று எண்ணித் தேர்டு பார்ட்டியோடு நின்றுவிடுவோர் பலர். அவர்கள் விடுவது காரின் தகரத்திற்கான காப்பை மட்டுமன்று. பின்னிருக்கையில் அமரும் தம் மக்களுக்கான காப்பையும் விடுகின்றனர்.

சம்பளத்திற்கு அமர்த்திய டிரைவர் இருப்பின், அவர்க்கான சட்டப் பொறுப்பைச் சிறு கூடுதல் பிரீமியத்தில் பாலிசியில் சேர்க்கலாம். அது சேர்க்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பது முதலாளியின் கடமை.

சேலை மூட்டையும் காய்கறிக் கூடையும்

தனியார் கார் பாலிசியில் உபயோகத்தைப் பற்றிய வரம்பு ஒன்று உண்டு. வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டுதல், மாதிரிச் சரக்கும் சொந்தப் பயண மூட்டையும் நீங்கலான சரக்குகளை ஏற்றுதல், பந்தயம் ஆகியவை விலக்கப்பட்டவை. நமது அங்கத்தினர்களுக்கு இது நேரே சம்பந்தப்பட்டது. சேலை மூட்டைகளைக் குடும்பக் காரில் ஏற்றி வியாபாரிக்கு அனுப்புவதும், தக்காளிக் கூடைகளைச் சந்தைக்குக் கொண்டு செல்வதும், அண்டை வீட்டாரைப் பணம் பெற்று ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வதும் சாதாரணமாக நடப்பவை. அவ்வேளையில் விபத்து நேர்ந்தால் கம்பெனி ஆட்சேபம் எழுப்ப இடமுண்டு. மாதிரிக்காகச் சில சேலைகளை எடுத்துச் செல்வதில் குற்றமில்லை. மூட்டைக்கெனச் சரக்கு வண்டியை அமர்த்துவதே தக்கது.

சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரரோ அவர் அதிகாரம் அளித்த பிரதிநிதியோ உடன் செல்லலாம். அவர்க்குக் காப்பு உண்டு. 1994-இன் திருத்தம் இதனைத் தெளிவாக்கிற்று. ஆனால் அவ்வண்டியில் இலவசமாக ஏறிக்கொள்ளும் ஏனையோர்க்கு இல்லை. காய்கறியோடு செல்லும் விவசாயி காக்கப்படுவார். வழியில் ஏறிய உறவினர் காக்கப்படமாட்டார்.

விற்பனையும் மரணமும்

காரை விற்றாலும், தம்பிக்குக் கொடுத்தாலும், ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறும் வரை பழைய சொந்தக்காரரே பொறுப்பாளி. 2018-இல் நவீன் குமார் வழக்கில், கார் பல கைகள் மாறிய பின்னரும் பதிவில் இருந்தவரே பொறுப்பாளர் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உறவினர்தானே என்று ‘பிறகு மாற்றிக்கொள்வோம்’ எனக் காலந்தாழ்த்துவது ஆபத்து. கார் கைமாறும்போது மூன்றாம் தரப்புக் காப்பு அதனுடன் மாறியதாகவே சட்டம் கருதுகிறது. ஆனால் காரின் சேதத்திற்கான காப்பு அவ்வாறு தானே மாறாது என 1996-இலேயே உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. வாங்கியவர் 14 நாட்களுக்குள் கம்பெனிக்கு விண்ணப்பித்துப் பாலிசியில் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

பாலிசிதாரர் இறந்துவிட்டால் பாலிசி அன்றே அழிந்துவிடுவதில்லை. இறந்த நாளிலிருந்து 3 மாதம், அல்லது பாலிசி முடியும் நாள், இவற்றுள் எது முந்தியதோ அதுவரை அது செல்லும். அதற்குள் வாரிசுகள் இறப்புச் சான்றிதழ், உரிமைக்கான ஆதாரம், பாலிசி ஆகியவற்றைக் கொடுத்துத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். பதிவிலும் இதே கவனம் தேவை. இறப்பை 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்கு அறிவித்தால், வாரிசோ நியமனதாரரோ 3 மாதம் வரை காரைப் பயன்படுத்தலாம். 2021 முதல் ஆர்.சி. புத்தகத்திலேயே நியமனதாரரைக் குறிப்பிட வசதி உண்டு. கோரிக்கை செய்யாமைக்கான தள்ளுபடி பொதுவாகக் காருடன் மாறாது, பாலிசிதாரருக்கே உரியது. எனினும் மரணத்தால் கார் மனைவி, மக்கள், பெற்றோர் கைக்கு வரின் அத்தள்ளுபடியும் அவர்களுக்குச் சேரும். துக்க வீட்டில் இவையெல்லாம் நினைவுக்கு வருவது அரிது. ஆகவே உற்றாரில் ஒருவர் பொறுப்பேற்று நினைவூட்டல் நலம்.

சங்கத்தின் வண்டி

சங்கத்தின் பெயரில் உள்ள காரைப் பற்றியும் ஒரு சொல். சங்கம் சட்டப்படி ஒரு நபர். ஆனால் அது ஸ்டியரிங் பிடிக்காது! எனவே ‘சொந்தக்காரர்–டிரைவர்’ என்பவர் அங்கே இல்லை, அந்த ரூ. 15 லட்சக் காப்பும் இல்லை. தலைவரோ காரியதரிசியோ டிரைவரோ சங்கக் காரில் பயணம் செய்யின், அவர்களுக்கெனத் தனியே காப்பைச் சேர்த்தல் நிர்வாகக் குழுவின் கடமை. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு எல்லாச் சங்கங்களையும் கேட்டுக்கொள்கிறோம்.

செய்ய வேண்டியவை

இதனைப் படித்து முடித்ததும் அங்கத்தினர்கள் தங்கள் பாலிசியையும் ஆர்.சி. புத்தகத்தையும் லைசென்ஸையும் ஒன்றாக எடுத்து வைத்துப் பார்க்க வேண்டுகிறோம். மூன்றிலும் பெயர் ஒன்றுதானா? லைசென்ஸ் காலாவதி ஆகாமல் இருக்கிறதா? பாலிசி தேர்டு பார்ட்டியா, ஃபுல் இன்ஷூரன்ஸா? சொந்தக்காரர்–டிரைவர் காப்பு என்ற வரிக்கு எதிரே தொகை இருக்கிறதா? நியமனதாரர் பெயர் எழுதப்பட்டுள்ளதா? காரை வழக்கமாக ஓட்டுகிற மகனுக்கும், உடன் செல்லும் மனைவி மக்களுக்கும் தனிக் காப்பு உண்டா? இவ்வாறு கேள்விகளைக் கேட்டு, விடை தெரியாத இடத்தில் ஏஜெண்டின் வாய்வார்த்தையை நம்பாது கம்பெனியிடமிருந்து எழுத்தில் பெறுதல் வேண்டும்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம்மவர் மொழி. பாவில் ஓர் இழை அறுந்திருப்பதைத் தறியில் ஏற்றுமுன் கண்டுபிடித்தால் முடிச்சுப் போட்டுவிடலாம். சேலை நெய்து முடிந்த பின் கண்டால் சேலையே பழுது. பாலிசியும் அத்தகையதே. அறுந்த இழையை இன்றே தேடிப் பார்ப்போமாக.